எடுத்துக் கொடுப்பவள்

நூலகத்தின் மாடியில் கூடும் ஓய்வுபெற்றோர் மன்றத்திற்குச் சட்டதிட்டங்கள் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று உண்டு. அதை மட்டும் எவரும் மீறக் கூடாது. எந்த வேலையிலிருந்து ஒருவர் ஓய்வு பெற்றாரோ, அந்த வேலையை மன்றத்துக்குள் அவர் செய்யலாகாது. குடையை மாட்டும் ஆணியிலேயே அதையும் மாட்டிவிட்டு உள்ளே வர வேண்டும்.

விதி பிறந்ததற்குக் காரணம் இருந்தது. மன்றம் தொடங்கிய புதிதில், பல் மருத்துவரைக் கண்டவரெல்லாம் வாயைத் திறந்து காட்டினர். வங்கியில் இருந்தவரைச் சுற்றி வட்டி விகிதம் கேட்கும் கூட்டம் சேர்ந்தது. தலைமையாசிரியராக இருந்தவரோ, யாரும் கேளாமலேயே எல்லோரையும் திருத்தினார். ஓய்வு பெற்றும் ஓயாத இந்த நிலையைக் கண்டு வெறுத்துப்போன பல் மருத்துவர்தான் விதியைக் கொண்டுவந்தார். அன்றுமுதல் கைப்பேசி வகுப்பை நடத்துபவர் முன்னாள் தோட்டக்காரர். ஓவிய வகுப்பு வங்கிக்காரரின் பொறுப்பு. நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் உடற்பயிற்சியைச் சொல்லித் தருபவர், கடிகாரக் கடையில் குனிந்தே காலம் கழித்தவர். மின்விசிறி நின்றுபோன நாளில், முன்னாள் எலக்ட்ரீஷியன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ள, முன்னாள் தலைமையாசிரியர் மேலே ஏறினார். விசிறி இன்றளவும் ஓடவில்லை. ஆனாலும் விதியைக் குறை சொன்னவர் இல்லை.

மீறியவருக்குத் தண்டனை, தேநீர் வேளை முடிந்ததும் எல்லோருடைய டம்ளர்களையும் கழுவுவது.

வேலையைத்தான் விதி தடுத்தது. பெயரை அதனால் தடுக்க முடியவில்லை. டாக்டர் டாக்டராகவே இருந்தார். பிரசவ வார்டில் பணியாற்றியவர் நர்ஸக்காவாகவே இருந்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவளை எல்லோரும் ஸ்டெனோம்மா என்றே அழைத்தனர். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. அக்கா என்றோ அத்தை என்றோ அழைக்க வீட்டில் யாரும் இல்லாதவளுக்கு, கூப்பிடுவதற்கென்று ஒரு பெயர் இருந்ததே பெரிது.

டாக்டர் ஒரு நாடகம் எழுதினார். குடியிருக்கும் தம்பதியைக் காலி செய்யச் சொல்ல வருகிறார் ஒரு வீட்டுக்காரர். அந்தத் தம்பதியோ அவரைப் பேச விடாமல் உபசரித்தே மூச்சுத் திணற வைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பல் மருத்துவர் எழுதிய நாடகத்தில் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டே இருந்தார்கள் என்பதைத் தவிரக் குறையொன்றும் இல்லை.

"ஸ்டெனோம்மா பக்கத்திரையில உக்காந்து வசனம் எடுத்துக் குடுக்கட்டும்," என்றார் நர்ஸக்கா. "அவங்க கண்ணு ஒரு கமாவைக்கூடத் தப்ப விடாது."

"அது அவங்க பழைய வேலையாச்சே?" என்றார் தலைமையாசிரியர்.

டாக்டர் சற்று யோசித்தார். "கோர்ட்டுல மத்தவங்க சொன்னதை இவங்க எழுதினாங்க. இங்க, எழுதி வச்சதை மத்தவங்களுக்குச் சொல்லப் போறாங்க. நேர் எதிர்த் திசை. விதி குறுக்க வராது."

தீர்ப்புகளைக் கேட்டுப் பழகியவளுக்கு, அது நல்ல தீர்ப்பாகவே பட்டது.

வீட்டுக்காரர் வேடம் கிரேன்காரருக்குக் கிடைத்தது. துறைமுகத்தில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் கிரேனை இயக்கியவர், நெடிய உருவம், இரகசியம் பேசினாலும் தெருமுனைவரை கேட்கும் குரல். மனைவி போனபிறகு, மன்றத்தில் என்ன வகுப்பு நடந்தாலும் முதல் ஆளாக வந்து நின்றார். ஓவிய வகுப்பில் டம்ளரை வரையச் சொன்னபோது தாளில் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "மேலேர்ந்து பார்த்தா டம்ளர் இப்படித்தான் இருக்கும்," என்று சாதித்தார். வங்கிக்காரரால் மறுக்க முடியவில்லை. அந்த வட்டத்தைப் பார்த்து ஸ்டெனோம்மா தனக்குள் சிரித்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்தாள். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

முதல் ஒத்திகை நன்றாகவே தொடங்கியது. வீட்டுக்காரர் வந்தார், அமர்ந்தார், குடித்தனக்காரர் மனைவியாக நடித்த நர்ஸக்கா நீட்டிய தேநீரை வாங்கினார், தொண்டையைச் செருமினார். 'நாளைக்கே வீட்டைக் காலி பண்ணணும்' என்பது அடுத்த வாக்கியம். கிரேன்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

ஸ்டெனோம்மா அந்த வாக்கியத்தின்மீது விரலை வைத்திருந்தாள். உதடுகளை இறுக மூடியிருந்தாள். நர்ஸக்கா திரும்பிப் பார்த்தார். டாக்டர் திரும்பிப் பார்த்தார். கிரேன்காரரின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"ஏம்மா, எடுத்துக் குடுங்களேன்!" என்று நர்ஸக்கா பொறுக்கமாட்டாமல் கத்தினார். "மனுஷன் நடுரோட்டுல பிரேக் பிடிச்ச பஸ் மாதிரி நிக்கிறார்!"

அப்போதுதான் அவள் விழித்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் சாட்சி வாயடைத்து நின்றால் காத்திருக்க வேண்டும். நீதிபதி காத்திருப்பார், வழக்கறிஞர்கள் காத்திருப்பார்கள், அவளுடைய பேனா காகிதத்துக்கு நூலிழை மேலே நிற்கும். தவிக்கிற சாட்சிக்கு ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பதைவிடப் பெரிய குற்றம் அந்த அறையில் இல்லை. பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பேர் அவள் கண்ணெதிரே சொல் தேடித் தவித்திருக்கிறார்கள். என்ன சொல்ல வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்ததும் உண்டு. ஒருமுறைகூட அவள் உதடு அசைந்ததில்லை.

டாக்டர் அவள் கையிலிருந்த நாடகப் பிரதியை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் பென்சிலால் சிறியதாக '(மௌனம்)' என்று எழுதியிருந்தது.

"அப்பட்டமான மீறல்," என்றார் டாக்டர். "டம்ளர்."

"அப்போ நானும் கழுவறேன்," என்றார் கிரேன்காரர். "மௌனம் என்னோடது. அவங்க எழுதத்தான் செஞ்சாங்க."

மாடிப்படிக்குப் பின்னாலிருந்த கழுவுதொட்டியில் இருவர் நிற்கத்தான் இடம். அவர் கழுவினார், அவள் துடைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் அவள். "அடுத்த தடவை கண்டிப்பா எடுத்துக் குடுக்கறேன்."

"குடுத்தாலும் விழாது." அவர் இடது காதைத் தட்டிக் காட்டினார். "இது துறைமுகத்தோட போச்சு. இன்னொண்ணு அரைக்கிணறு, பாதிதான் கேக்கும். நீங்க கிசுகிசுன்னு சொன்னா காத்து அடிக்குதுன்னு நினைச்சுக்குவேன்."

"பின்ன எதுக்கு இந்த வேஷத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?"

அவர் ஒரு டம்ளரை வேண்டியதற்கு மேலாகவே கழுவினார்.

"என் பொண்ணு பார்க்க வர்றா. நாடகத்தை இல்ல, என்னை. போன மாசம் அடுப்புல பாலை வச்சுட்டுக் கடைக்குப் போயிட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க பூட்டை உடைச்சுத்தான் அணைச்சாங்க. யாரோ அவளுக்குச் சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து ஒத்தைக் காலுல நிக்கிறா. 'தனியா இருந்தது போதும்ப்பா, வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடுங்க'ங்கறா."

"நல்ல பொண்ணுதானே?"

"தங்கம். அதான் சிக்கலே. கெட்ட பொண்ணா இருந்தா சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன்."

ஸ்டெனோம்மா துண்டைப் பிழிந்தாள். "அங்க உங்களுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. உசரமான கட்டடம், பெரிய ஜன்னல், எனக்குன்னு தனி ரூம். காலையில அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனா, விளக்கு வச்சப்புறம்தான் வருவாங்க."

"உசரம் உங்களுக்குப் பழக்கம்தானே?"

"உசரத்துல உக்காந்திருந்தா, கீழே ஒருத்தன் நின்னு கை காட்டணும், ஸ்டெனோம்மா. அங்க கீழே எனக்குத் தெரிஞ்சவங்க யாரு?" அடுத்த டம்ளரை எடுத்தார். "வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன். 'ஒரு நாடகம் முழுசும் பேசி நடிக்கிறேன், வந்து பாரு. எங்கேயாவது தடுமாறினா அன்னைக்கே உன்கூட ரயில் ஏறிடறேன்'னுட்டேன்."

நாடகம் முழுவதிலும் எந்த வாக்கியத்தில் அவர் நின்றுபோனார் என்பதை அவள் எண்ணிப் பார்த்தாள். அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குறுக்கு விசாரணை ஒருநாளும் அவள் வேலையாக இருந்ததில்லை. அவர் போய்விட்டால் ஓவிய வகுப்பில் தன் பக்கத்து நாற்காலி எப்படியிருக்கும் என்று மட்டும் ஒரு கணம் பார்த்தாள், பார்த்தது பிடிக்கவில்லை.

"கை காட்டறதுன்னா எப்படிக் காட்டுவாங்க?" என்று கேட்டாள்.

அவர் ஈரக் கையை உதறிவிட்டுக் காட்டினார். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால், தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால், இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால், அந்தப் பக்கம் திருப்பு. இரண்டு கையையும் கோத்து வயிற்றோடு வைத்தால், அசையாதே. அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். "விரலை இன்னும் நேரா," என்று அவர் திருத்தினார். திருத்தப்படுவது அவளுக்கு நெடுநாளுக்குப்பின் நேர்ந்த அனுபவம். அது அவளை உறுத்தவில்லை.

"ஆனா இதுல வசனத்தை எப்படிச் சொல்றது?"

"வசனத்தைக் குடுக்காதீங்க. எதைத் தூக்கணும்னு காட்டுங்க, போதும். வார்த்தை தானா வரும்."

வந்தது. அடுத்த ஒத்திகையில், வீட்டுக்காரர் தேநீரை வாங்கி, தொண்டையைச் செருமி, நின்று, பக்கத்திரையை நோக்கினார். அவள் விரலை உயர்த்திச் சுழற்றினாள். "நாளைக்குள்ள சாவி என் கைக்கு வந்தாகணும்!" என்று முழங்கினார் கிரேன்காரர். பிரதியில் அப்படி இல்லை. அதற்கடுத்த முறை "பொட்டியைக் கட்டுங்க!" என்றார். அதற்கும் அடுத்த முறை, "இந்த வீட்டுல இனிமே நீங்க இல்ல!" ஒவ்வொன்றையும் கேட்கும்போது ஸ்டெனோம்மாவின் மனம் பென்சிலைத் தேடிப் போனது. அச்சில் ஒன்றிருக்க, அவையில் வேறொன்று ஒலிப்பதைச் சகித்துக்கொள்ள அவள் பட்ட பாட்டை, உப்பில்லாமல் சாப்பிடப் பழகியவர்களே அறிவார்கள். ஆனால் ஒரு கையில் பிரதி இருந்தது, மறு கை மேலே இருந்தது, விரல் சுழன்றுகொண்டிருந்தது, பென்சிலை எடுக்க வேறு கை இல்லை.

டாக்டர் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன இது? கிரேன் சிக்னலா? அது அவர் தொழிலாச்சே!"

நர்ஸக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னே வந்தார். "கிரேன்ல இவர் உக்காந்திருந்தார், கை காட்டினது வேற ஆளு. இங்க கை காட்டறது ஸ்டெனோம்மா. அவங்க பொறந்ததுலேர்ந்து கிரேனைத் தொட்டதில்ல. நேர் எதிர்த் திசை டாக்டர், நீங்க சொன்ன அதே தீர்ப்பு!"

முன்தீர்ப்பு தன்னுடையதே என்பதால் டாக்டர் பேசாமல் போய்விட்டார்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நூலகத்தின் கீழ்த்தள வாசிப்பறையில் நடந்தது. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். திரைச்சீலையைத் தைத்தவர் முன்னாள் நில அளவையர். முன்னாள் தையற்காரர், விதிப்படி, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார். நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவர் துணியை ஒரு முழம் பிசகி அளந்திருந்தார். அதனால் பக்கத்திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது.

கிரேன்காரரின் மகள் ரயிலிலிருந்து நேராக வந்தாள். கையில் பயணப்பை இருந்ததால், அதை வைக்க வசதியாக முன்வரிசையின் ஓரத்தில் அமர்ந்தாள். அப்பாவின் உயரம், களைத்த கண்கள். இடைவெளியின் வழியே அந்த முகம் ஸ்டெனோம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அதே இடைவெளியின் வழியே தானும் தெரிவோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்காரர் நுழைந்தார். அரங்கம் சிரித்தது. அமர்ந்தார், சிரித்தது. நர்ஸக்கா தேநீரை நீட்டியபோது அவர் சர்க்கரை போதாது என்று முகத்தைச் சுளித்த சுளிப்பில், மகளே வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்டெனோம்மாவின் மூச்சு இலேசானது.

அவர் தொண்டையைச் செருமினார். நின்றார். பக்கத்திரையை நோக்கினார். அவள் விரலை உயர்த்திச் சுழற்றினாள்.

அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். சொல் வரவில்லை.

அவள் மீண்டும் சுழற்றினாள். கிரேன்காரரின் கண்கள் அவளை விட்டு நகர்ந்து முன்வரிசைக்குப் போயின, அங்கே தம் மகளின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிவதைக் கண்டன, மேலும் கலங்கின. "என்னங்க, வாடகையை ஏத்தணுமா?" என்று நர்ஸக்கா சொந்த வசனத்தில் ஒரு கயிற்றை வீசிப் பார்த்தார். அவர் இல்லையென்று தலையசைத்தார். "நான்... நான் எதுக்கு வந்தேன்னா..."

அரங்கில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். அந்த அமைதியை ஸ்டெனோம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அத்தகைய அமைதிகளை அடைப்புக்குறிக்குள் எழுதி எழுதியே அவள் தலை நரைத்திருந்தது. எழுந்து நின்றாள். வலது காது அரைக்கிணறு என்பதும் நினைவில் இருந்தது.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க!"

தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். ஒரு கணம் கழித்து அரங்கமே வெடித்துச் சிரித்தது. கிரேன்காரர் பக்கத்திரையை நோக்கித் திரும்பி, தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவரைப்போல் இரு கையையும் விரித்து, "அதேதான்! நாளைக்கே வீட்டைக் காலி பண்ணணும்!" என்று முழங்கினார். எழுதி வைத்தபடியே, சொல்லுக்குச் சொல். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

மகள் மட்டும் தட்டவில்லை. இடைவெளியின் வழியே அவள் ஸ்டெனோம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்து, தேநீர் ஊற்றும் சந்தடியில் மகள் உள்ளே வந்தாள். அதற்குள் டாக்டரும் நர்ஸக்காவும் அவளை வழிமறித்துவிட்டார்கள்.

"அந்த இடம் நல்லா வந்துச்சில்ல?" என்றார் டாக்டர். "உள்ளேர்ந்து குரல் வரணும்னு நான் அப்படியே எழுதியிருந்தேன்."

"உங்கப்பாவுக்கு நாடகம் முழுக்க மனப்பாடம்மா," என்றார் நர்ஸக்கா. "என் வசனத்தைக்கூட அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுப்பார்."

பொய்சாட்சி எப்படித் தோன்றும் என்பதை ஸ்டெனோம்மாவைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இல்லை. இருவருமே அதில் படுமோசம். மகள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நேராக அவளிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க கையால ஏதோ காட்டிட்டே இருந்தீங்க. பார்த்தேன். உண்மையைச் சொல்லுங்க. அப்பாவுக்கு மறந்து போகுதா?"

டாக்டர் மகளுக்குப் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினார். மேடைப்பக்கம், கிரேன்காரர் யாருடனோ உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். 'இல்லை' என்பது சிறிய சொல். சொன்னால் அவர் இங்கேயே இருப்பார். பக்கத்து நாற்காலி நிறைந்திருக்கும். ஸ்டெனோம்மா அந்தச் சொல்லை நாவின் நுனிவரை கொண்டுவந்தாள். அப்போது அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. எதிரே நிற்பவள் களைத்த கண்களோடு ரயிலேறி வந்தவள் என்பதும் தெரிந்தது.

"மறக்குது," என்றாள். "இன்னைக்கு நின்ன இடத்துல எல்லா ஒத்திகையிலயும் நின்னார். வேற இடத்துலயும் சில நாள் நிக்கிறார். போன வாரம் தேதி என்னன்னு கேட்டுட்டு, உடனே அதையே திரும்பக் கேட்டார்."

மகளின் முகம் இறுகியது. "அப்போ நான் கூட்டிட்டுப் போறதுதானே சரி?"

"சரியா தப்பான்னு சொல்ல எனக்குத் தெரியாதும்மா. நான் பார்த்ததை மட்டும்தான் சொல்ல முடியும். இன்னும் பார்த்தது இருக்கு."

"சொல்லுங்க."

"வார்த்தை வராதப்போ, உங்கப்பா திரும்பிப் பார்த்தார். நான் இருந்தேன். என்னால ஆகலேன்னதும் மேடையில நர்ஸக்கா கை குடுத்தாங்க. அதுவும் ஆகல, நான் கத்தினேன். இப்ப உங்ககிட்ட ரெண்டு பேர் வந்து பொய் சொன்னாங்களே, அவங்களும் அதைத்தான் செய்யறாங்க." மேடைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். "காலையில நீங்க வேலைக்குப் போனப்புறம், அங்க அவர் திரும்பிப் பார்த்தா யார் இருப்பாங்க?"

ஸ்டெனோம்மா காத்திருந்தாள். தேநீர்த் தட்டோடு ஒருவர் வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

"யாரும் இல்ல," என்றாள் மகள் கடைசியில். கண் நிறைந்திருந்தது. "ஆனா இங்க மட்டும் தினமும் யார் ஆன்ட்டி பார்ப்பாங்க? அவர் வீட்டுக்குப் போனப்புறம்?"

"நான் பார்க்கறேன்."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அதைத் திரும்பப் பெறத் தோன்றவில்லை.

"பார்த்து, உள்ளதை உள்ளபடி உங்களுக்குச் சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஒருநாள் 'இனிமே இங்க முடியாது, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு நானே சொல்ல வேண்டி வரலாம். வந்தா அன்னைக்கும் சொல்வேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினாள். தோட்டக்காரரின் வகுப்பில் கற்றபடி, ஸ்டெனோம்மா தன் எண்ணைப் பிழையின்றிப் பதிந்தாள்.

"தானா அணையற அடுப்பு ஒண்ணு வாங்கி அனுப்பறேன்," என்றாள் மகள். "மாசம் ஒரு தடவை நான் வருவேன். அதுக்குமேல... பார்ப்போம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்க முயன்றாள். "அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க சொன்னதையும் சேர்த்து. மறைக்க எனக்கு வராது."

"மறைக்காதீங்க," என்றாள் ஸ்டெனோம்மா.

மேடையோரத்தில் மகளும் அப்பாவும் பேசுவதை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். முதலில் அவர் முகம் மலர்ந்தது. பிறகு மகள் இன்னும் ஏதோ சொன்னாள். அவர் தலை இந்தப் பக்கம் திரும்பியது. மலர்ச்சி அப்படியே உள்ளே போயிற்று. மகளை வாசல்வரை சென்று ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தவர், ஒருவரிடமும் பேசாமல் நாற்காலிகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். ஸ்டெனோம்மா ஒரு நாற்காலியை நீட்டியபோது அதை வாங்கிக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அவர் ஒரு கோடியில் நின்றார், அவள் மறுகோடியில். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பேருந்து வந்து, இருவரும் ஏறாததால் சலித்துக்கொண்டு போயிற்று.

"டாக்டர் எனக்காகப் பொய் சொன்னார்," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. "நர்ஸக்காவும் பொய் சொன்னாங்க. அவங்களுக்கு நான் என்ன, கூடப்பொறந்த அண்ணனா?"

"நான் சொல்லல," என்றாள் அவள்.

"அதான் கேக்கறேன். ஏன்?"

அவளிடம் பதில் இருந்தது. ஒழுங்காகக் கட்டமைத்த, எழுவாயும் பயனிலையும் பிசகாத பதில். "பொய் சொல்லி உங்களை இங்க வச்சுக்கிட்டா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." என்று தொடங்கினாள். அதற்குமேல் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தாள், பயனில்லை. கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிரேன்காரர் இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை அவர் கேட்கவில்லை. மெல்ல நடந்து வந்து அவள் பக்கத்தில், நல்ல காது அவளிருக்கும் பக்கமாக வரும்படி நின்றார்.

அடுத்த பேருந்து தொலைவில் தெரிந்தது.

"நாளைக்கு என்ன வகுப்பு?" என்று கேட்டார்.

"கைப்பேசி வகுப்பு."

"காலையில ஒரு போன் அடிச்சுடுங்க." சற்றுத் தயங்கினார். "மறந்தாலும் மறந்துடுவேன்."

அந்தச் சொல்லை அவர் தம் வாயால் சொல்லி அவள் கேட்பது அதுவே முதல் முறை.

"எப்போ அடிக்கட்டும்?"

"நீங்க எழுந்ததும்."

"நான் கோழி கூப்பிடறதுக்கு முன்னாலயே எழுந்துடுவேன்."

"அய்யய்யோ. அப்போ நான் எழுந்ததும் அடிங்க."

"நீங்க எழுந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

கிரேன்காரர் இதை உண்மையாகவே யோசித்தார். பேருந்து வந்து நின்று, கதவு திறந்து, அவள் ஏறி அமர்ந்து, அவரும் வந்து அமர்ந்து, பேருந்து கிளம்பிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"சரி, எழுந்ததும் நானே அடிக்கறேன்," என்றார் முடிவாக. "நான் அடிக்கலேன்னா நீங்க அடிங்க."

"அடிக்கறேன்," என்றாள் ஸ்டெனோம்மா.